வேப்பிலை கசக்க வேண்டும்

மக்காச்சோளக் கதிர் ஒடித்துக்கொண்டிருந்த என் மனைவிக்கு உடம்பெங்கும் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. எங்கள் பக்கம் இதற்குக் காணாக்கடி என்று பெயர். எது கடித்தது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் கடித்ததில் ஒருவருக்கும் சந்தேகம் வராது. அவளைத் துண்டால் என் முதுகோடு கட்டிக்கொண்டு வெள்ளிமலை ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டினேன்.

நர்ஸ் அலர்ஜி ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் இழுப்பு அடங்கியது, உதடும் வற்றத் தொடங்கியது.

"இந்த மருந்துக்குத் தூக்கம் வரும், தூங்கட்டும். மூச்சை மட்டும் பாத்துக்கினு இருங்க. ஏதாவது மாறிச்சுன்னா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார்.

கச்சிராயபாளையத்திலிருந்து பஸ் பிடித்து மாமியார் வந்து சேர்ந்தபோது அவள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மாமியாரின் முந்தானையில் ஒரு கொத்து வேப்பிலை இருந்தது. மென்று பார்த்துக் கசக்கவில்லையென்றால் உடம்பில் விஷம் இருக்கிறது என்று கணக்கு.

"இன்னா மாப்ள, கடிபட்டவள தூங்க வுட்டுட்டு உக்காந்துகினு கீறீங்க? வெஷம் தலைக்கு ஏறிடும்."

"ஊசியால வர்ற தூக்கம் அத்த. நர்ஸம்மாவே சொன்னாங்க."

"அவங்களா பெத்தாங்க?"

மகளின் தோளைப் பிடித்து உலுக்கப் போனார். நான் குறுக்கே கையை நீட்டித் தடுத்தேன். அதுவரை அவர் முன்னால் நிமிர்ந்துகூடப் பேசியதில்லை.

தடுத்துவிட்டேனே தவிர, எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பாம்பு கடித்த என் சித்தப்பாவை ஊரே கன்னத்தில் தட்டித் தட்டி விழித்திருக்க வைத்தது. ஒரு தடவை கண்ணை மூடியவர் பிறகு திறக்கவே இல்லை. அந்த முகமும் இதே போலத்தான் அமைதியாக இருந்தது. அவள் மூக்கின் கீழே விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். மூச்சு வந்தது. அடுத்ததற்குக் காத்திருந்தேன். மாமியார் என்னைப் பார்த்த பார்வையில், இவளுக்கு ஒன்று ஆனால் உன்னை விடமாட்டேன் என்று எழுதியிருந்தது.

ஜன்னல் வெயில் கட்டிலை விட்டு இறங்கியபோது அவள் கண்ணைத் திறந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் இரண்டு இலையைக் கிள்ளி அவள் வாயில் திணித்துவிட்டார். தூக்கக் கலக்கத்தில் மென்றாள். நாங்கள் இருவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கசக்குதும்மா" என்று துப்பினாள்.

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். ஊசியை நம்பித்தான் இருந்தேன் என்று இன்றுவரை அவரிடம் வீறாப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு சொல் காதில் விழுந்த பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது.