புரிஞ்சுதுங்க மிஸ்

“...அத மட்டும் கேட்டுப்போடாதீங்கக்கா. ‘புரிஞ்சுதா’ன்னு கேட்டா இந்தப் புள்ளைங்க ‘புரிஞ்சுதுங்க’ன்னுதான் சொல்லும். இல்லைன்னு சொன்னா உங்க மனசு சங்கடப்படுமுல்லங்க?”

சொன்னவர் என் வழிகாட்டி ஆசிரியை. இடம், போத்தனூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. பி.எட். படிக்கிறவர்களைப் பயிற்சிக்கு அனுப்பும்போது, அதே பாடம் நடத்துகிற ஒருவரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். என்னுடையவர் என்னைவிட வயதில் இளையவர். நான் அவரை டீச்சர் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். யார் யாருக்கு வழிகாட்டி என்று பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

தமிழ்வழியில் சேர்ந்ததற்கு மொழிப்பற்றுதான் காரணம் என்று கல்லூரியில் சொல்லியிருந்தேன். ஆங்கிலவழிப் பிரிவில் இடம் இல்லை. இயற்பியலை நான் படித்ததெல்லாம் ஆங்கிலத்தில். பனியன் கம்பெனியில் பல வருடம் துணி சோதித்துவிட்டு, அந்த வேலையை விட்டு வந்து, தெரிந்ததையே தமிழில் புதிதாகப் படித்தேன். பஸ்ஸில் மின்னழுத்தம், மின்தடை என்று முணுமுணுத்துக்கொண்டே போவேன். பக்கத்து சீட் அம்மா ஒருவர், “எந்தக் கோயில் மந்திரமுங் கண்ணு? எனக்கும் எழுதிக் குடு” என்றார். எழுதிக் கொடுத்தேன். பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்.

ஏழாம் வகுப்பு எனக்கு. பாடம் முடிந்ததும் “புரிஞ்சுதா?” என்பேன். “புரிஞ்சுதுங்க மிஸ்!” என்று கூரை அதிரும். கம்பெனியில் ‘இது ரிஜெக்ட்’ என்பதை மட்டுமே கேட்டு வந்த காதுக்கு அது கச்சேரி மாதிரி இருந்தது. பிறகு அடைவுத் தேர்வு வைத்தேன், நடத்தியது எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று பார்க்கிற தேர்வு. பாதிப் பேர் தாளை மரியாதையாக வெறுமையாகவே விட்டிருந்தார்கள். ‘மின்சுற்று வரைக’ என்பதற்கு ஒரு பெண், ‘மின்சுற்று நமக்கு மிகவும் நல்லது’ என்று எழுதியிருந்தாள். எழுத்து அழகாக இருந்தது.

“பொய் சொல்றதில்லீங்கக்கா, உங்களுக்கு மரியாத குடுக்குதுங்க” என்றார் டீச்சர்.

இதெல்லாம், பாடம் நடத்திக் காட்டி நான் மார்க் வாங்க வேண்டிய செய்முறைத் தேர்வுக்கு முந்திய கதை. தேர்வன்று வெளி மாவட்டத்திலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். எனக்கு முன்னால் பாடம் நடத்தப் போனவள் என் பி.எட். தோழி. பிள்ளைகள் புரிந்தது என்று முழங்கியதும், தேர்வாளர் ஒரு பையனை எழுப்பி, “எங்கே, நீ சொல்லு” என்றிருக்கிறார். அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றானாம். அவள் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். வெகுநேரமாகக் கழுவினாள். தவறினால் இன்னொரு வருடம். வேலையை விட்டு வந்த எனக்கு இன்னொரு வருடம் என்பது வீட்டில் பேச முடியாத பேச்சு. ஆய்வகத்தில் பல்பும் ஒயரும் எடுத்துக்கொண்டிருந்த என்னிடம் டீச்சர் அந்த எச்சரிக்கையைச் சொன்னது அப்போதுதான்.

தலையாட்டிவிட்டுப் போனேன். மேசைமேல் இரண்டு பல்பைத் தொடர் இணைப்பில் மாட்டினேன். எரிந்தன. ஒன்றைக் கழற்றினேன், மற்றதும் அணைந்தது. ஒயரில் விரல் வைத்து மின்னோட்டம் போகும் வழியைக் காட்டினேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் என் வாய் தானாகவே, “புரிஞ்சுதா?” என்றது.

“புரிஞ்சுதுங்க மிஸ்!”

தேர்வாளர் பேனாவைத் திறந்தார். யாரை எழுப்பலாம் என்று பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தார். அப்போது கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. டீச்சருடைய கை. எழுந்து நின்றார்.

“எனக்குப் புரியலீங்க மிஸ். ஒண்ணக் கழட்டுனா இன்னொண்ணு ஏனுங்க அணையோணும்?”

பிள்ளைகள் அவரைப் பாவமாகத் திரும்பிப் பார்த்தன. நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். முடித்ததும், “இப்ப?” என்றேன்.

“இல்லீங்க மிஸ்” என்றார், கொஞ்சமும் கூசாமல்.

முன் பெஞ்சில் அந்த அழகான கையெழுத்துக்காரி மெல்ல எழுந்தாள். “எனக்குந்தானுங்க மிஸ். எங்கூட்டுல ஒரு பல்பு போனா மத்ததெல்லாம் எரியுதுங்களே, அது எப்படிங்க?”

“எங்கூட்லயுமுங்க மிஸ்!” என்று நாலு கை. பிறகு எண்ண முடியவில்லை. ஒயரைப் பிரித்து, பல்புகளைப் பக்க இணைப்பில் மாற்றினேன். தேர்வாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் வந்தார். “நீயே கழட்டு” என்றார் அவளிடம். கழற்றினாள். மற்றது எரிந்துகொண்டே இருந்தது. ஏன் என்று கேட்டார். “அதுக்கு வேற வழியிருக்குதுங்க சார்” என்று ஒயரில் விரலை ஓட்டிக் காட்டினாள். அவர் என் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“போதும்மா, நல்ல மார்க்தான். அடுத்த ஆளை வரச் சொல்லுங்க” என்றார்.

யாரும் நகரவில்லை. அவளுக்குப் பின்னால் வகுப்பே மேசையோரம் வரிசை கட்டிவிட்டது, ஆளுக்கு ஒருமுறை பல்பைக் கழற்றிப் பார்க்க. டீச்சர் கடைசி பெஞ்சிலிருந்து வந்து, வரிசையின் முடிவில் நின்றுகொண்டார்.