அமைதியாக முடிந்த கடையடைப்பு

கடையடைப்பு நாளில் திருப்பூரில் முதலில் நிற்பது சத்தம்தான். தையல் மெஷின் ஓடாது, டெம்போ ஓடாது. வீதியில் நடப்பவரின் செருப்புச் சத்தம்கூடக் கேட்கும். அந்த நிசப்தத்தில் பிரியாணி வாசனை மட்டும் நாலு வீதி தாண்டி வரும்...

வாசனை, கட்சிக்காரர்கள் பிடித்திருந்த கல்யாண மண்டபத்திலிருந்து. ஊரில் ஒரு ஓட்டலும் திறந்திருக்காது என்பதால் நிருபர்களுக்கும் அங்கேதான் சாப்பாடு. யாரும் அதைத் தவறாக நினைத்ததில்லை. நானும்தான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வெளியூர்ப் பதிப்புக்கு மதியத்துக்குள் செய்தி போயாக வேண்டும். ஊர்வலம் கிளம்பும்போதே கட்சி அறிக்கை கைக்கு வந்துவிடும். 'கடையடைப்பு அமைதியாக நடந்து முடிந்தது' என்று அதிலேயே இருக்கும்.

ஃபேக்ஸ் காலத்தில் ஒரு கடையடைப்பு. அன்றும் அந்த வரியை என் பெயரில் ஃபேக்ஸ் செய்துவிட்டு மண்டபத்துக்குப் போனேன்.

நான் இலையில் உட்கார்ந்திருந்தபோது, ஊர்வலம் முடிந்து திரும்பியவர்கள் ராஜாமணி அக்காவின் கடை மேல் கல் வீசினார்கள். பனியன் கம்பெனிகளுக்குப் பட்டன், ஜிப் விற்கும் சின்னக் கடை. மாலையில் லாரி ஏற வேண்டிய ஆர்டருக்குப் பட்டன் கேட்டிருந்தார்கள் என்று ஷட்டரைப் பாதி தூக்கி வைத்திருந்தார். அலமாரிக் கண்ணாடி உடைந்து அவருடைய வலது கையைக் கிழித்தது.

சாயங்காலம் விஷயம் தெரிந்தது. உள்ளூர்ப் பதிப்பில் திருத்த நேரம் இருந்தது. அதற்குள் கட்சி நிர்வாகி ஒருவர் போன் செய்தார்.

"நம்ம பசங்க இல்லீங்க, யாரோ வெளியாளு. அப்பறம், பிரியாணி எப்படி இருந்துச்சுங்க?"

நன்றாக இருந்தது என்றேன். வரியை மாற்றவில்லை.

சேதத்துக்குக் கட்சியே இழப்பீடு தர வேண்டும் என்று அக்கா கோர்ட்டுக்குப் போனார். கட்சி வக்கீல் என் செய்தியை வெட்டி ஒட்டித் தாக்கல் செய்தார். அந்த வாரமே அக்கா என் ஆபீஸுக்கு வந்தார். கையில் கட்டு.

"ஏனுங்க சார், கடைய உடைச்சப்ப நீங்க எங்கீங்க இருந்தீங்க?"

"டீ சொல்லட்டுங்களாக்கா?" என்றேன்.

"டீ வேண்டாங்க. நடந்ததை ஒரு வெள்ளைத்தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எங்க வக்கீல் கேட்டாரு."

"ஆபீஸ்ல கேட்டுட்டுச் சொல்றனுங்க."

"சரிங்க. மறக்காமக் கேளுங்க."

நான் கேட்கவில்லை. கேட்டால், நீ எங்கே இருந்தாய் என்று ஆபீஸும் கேட்கும்.

போலீஸ் அறிக்கையும் அமைதி என்றது. என் வரி அதற்குத் துணை நின்றது. அக்காவின் மனு தள்ளுபடியானது. வலது கையில் இரண்டு விரல்கள் இன்றுவரை மடங்குவதில்லை.

இப்போது காலம் மாறியிருக்கிறது. போராட்டம் என்றால் பொறுப்பாளர் யார், சேதத்துக்கு முன்பணம் கட்டுவீர்களா என்று நீதிமன்றமே கட்சிகளைக் கேட்கிறது. வீதிக்கு வீதி கேமரா, ஆளுக்கொரு செல்போன். ஒரு நிருபரின் ஒரு வரிக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

போன வாரம் நம் நிருபர்கள் வாட்ஸ்அப் குழுவில், நீதிமன்றம் முன்பணம் கேட்ட செய்தியைப் போட்டு, "சீனியர், நீங்க சொல்லுங்க, இது சரியா?" என்று கேட்டிருந்தீர்கள். 'மிகவும் சரி' என்று டைப் செய்தேன். அனுப்ப விரல் வரவில்லை.

ஒரு வெள்ளைத்தாளில் எழுதி எடுத்துக்கொண்டு பட்டன் கடைக்குப் போனேன். 'கடையடைப்பு அமைதியாக முடியவில்லை. ஊர்வலத்தில் வந்தவர்கள் இந்தக் கடையை உடைத்தார்கள். அப்போது நான் அவர்கள் மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.' கீழே கையெழுத்து.

அக்கா கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார்.

"இதைய இப்ப வெச்சு என்னங்க பண்றது?"

தாளை மடித்துப் பட்டன் டப்பாவுக்கு அடியில் வைத்தார்.

"மணி ஒண்ணாச்சு. சாப்புட்டீங்களா?"

"இல்லீங்கக்கா."

"அப்ப உக்காருங்க. தக்காளிச் சோறுதான். அன்னைக்கு நீங்க சாப்புட்ட பிரியாணியாட்ட இருக்காது."

டிபன் பாக்ஸை மடியில் இடுக்கிக்கொண்டு இடது கையால் மூடியைத் திருகினார். அது அசையவில்லை.

"நான் திறக்கட்டுங்களா?" என்றேன்.

"வேண்டாங்க," என்றார். "பழகிருச்சு."