கார் போகிற அளவுக்கு வழி

எங்கள் காருக்கு மார்கழி ஆகாது. மற்ற மாதங்களில் முனகிக்கொண்டாவது கிளம்பிவிடும். மலைக்காற்று இறங்கி, எங்கள் கணபதிப் பகுதி வீதிகளில் ஆட்கள் மப்ளர் சுற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தால் போதும், அந்தப் பழைய டீசல் வண்டிக்குப் பிடிவாதம் வந்துவிடும். எஞ்சினைச் சூடேற்றுகிற ஹீட்டர் பிளக்குகளில் பாதி கருகிவிட்டது, பேட்டரியும் போகப்போகிறது, இரண்டையும் மாற்றுங்கள் என்று மெக்கானிக் சொன்னார். "பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். பார்க்க என்ன இருக்கிறது? கையில் இருந்தால்தானே மாற்றுவதற்கு!

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். சிகிச்சை காப்பீட்டு அட்டையில் நடந்தது, போய்வருகிற பாடு எங்களுடையது. பஸ்ஸில் திரும்பினால் வழியிலேயே மயங்கிச் சரிவார். ஆட்டோ எங்களுக்குக் கட்டுப்படியாகாது. விடியற்காலை ஷிப்டுக்குப் போய்ச் சேராவிட்டால் அவருடைய படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் சாயங்காலம்வரை நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வண்டி கிளம்புவதும் அவர் மூச்சு விடுவதும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தது.

எங்கள் வீதி ஒரே இறக்கம். அதனால் காரை எப்போதும் மேட்டில், வீட்டு வாசலில், டயருக்குக் கல் வைத்து நிறுத்துவோம். குளிர்நாளில் சாவியைத் திருப்பிக் கிளப்புகிற செல்ஃபை நம்புவதே இல்லை. கல்லை எட்டி உதைத்துவிட்டு, ஏறி உட்கார்ந்து, பிரேக்கை விட்டு உருட்டி, வேகம் பிடித்ததும் இரண்டாவது கியரில் கிளட்சை விடுவேன். ஒரு குலுக்கு குலுக்கி, வெள்ளைப் புகையை வீதி முழுக்கக் கக்கிவிட்டு எழுந்துகொள்ளும். காலமெல்லாம் டாக்சி ஓட்டியவர் இடப்பக்கம் போர்வையைச் சுற்றிக்கொண்டு அதிகாரம் செய்வார். "அவசரப்படாத அம்மணி. ஹீட்டர் லைட்டு அணையட்டும்." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏனுங்க, நீங்க ஓட்டறீங்களா, நான் ஓட்டட்டுமா?" என்பேன்.

வைகுண்ட ஏகாதசியன்று வெளியே வந்து பார்த்தால், இறக்கத்தில் நாலாவது வீட்டு அக்கா வீதியை அடைத்துக் கோலம் போட்டிருந்தார். இந்தப் பக்கச் சாக்கடையிலிருந்து அந்தப் பக்கச் சாக்கடைவரை கலர் கோலம், நடுவில் பூசணிப்பூ. எப்போதும் நாங்கள் போன பிறகுதான் அவர் வாசல் தெளிப்பார், அன்றைக்கு முந்திக்கொண்டார். போட்டுவிட்டு மகளோடு கோயிலுக்கும் போயாகிவிட்டது.

நான் கல்லை உதைக்கப் போனேன். இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம். கோலத்து மேல ஏத்தாத. பாவம், இந்தக் குளிருல குனிஞ்சு போட்டுருக்கறாங்க. செல்ஃபுலயே பாரு."

"உங்களுக்கென்ன கிறுக்கா? நேரமாச்சுங்க!"

"அவங்க மனசு நோகும், அம்மணி."

ஊரில் எல்லாருடைய மனசும் நோகக் கூடாது இவருக்கு. சொன்னால் கேட்கிற ஆளா? செல்ஃப் அடித்தேன். இருமியது. மறுபடி அடித்தேன். கடைசியில் டிக் டிக்கென்ற சத்தம்தான் மிச்சம். பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் அந்த வண்டியை உருட்டியும் பிரயோஜனமில்லை. மெயின் ரோடுவரை ஓடி ஆட்டோ பிடித்து வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய படுக்கையில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். சாயங்காலம்வரை பெஞ்சில் என் தோளில் சாய்ந்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் விஷயம் தெரிந்து அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக ஒரே சத்தம்.

"ஏங் கண்ணு, அது மாவுதானே! மனுசன் மூச்சு உட முடியாமக் கெடக்கையில என்ற கோலத்தப் பாத்துட்டா நின்னீங்க?"

"நான் சொன்னனுங்க அக்கா. இவருதான்…" என்று இழுத்தேன். இவர் கட்டிலில் சிரித்துக்கொண்டு படுத்திருந்தார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

அதற்கடுத்த காலையிலிருந்து அக்கா கோலத்தை இரண்டாகப் போட ஆரம்பித்தார். இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி, நடுவில் எங்கள் கார் போகிற அளவுக்கு வெறும் தார். நான் உருட்டிக்கொண்டு இறங்கும்போது இவர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பார். "வழி உட்டுருக்கறாங்க பாரு" என்பார், ஒவ்வொரு தடவையும், புதிதாகப் பார்ப்பவர் மாதிரி.

சித்திரையில் ஒரு விடிகாலை அவருக்கு மூச்சு அடைத்தது. அன்றைக்கு வண்டி சாவியைத் திருப்பியதுமே கிளம்பியது, சனியன். பாதி வழியில் அவர் போய்விட்டார்.

போன மார்கழி முதல் நாள் வாசலுக்கு வந்தேன். கார் அதே மேட்டில், அதே கல்லோடு நின்றது. விற்க மனசில்லை, வாங்கவும் ஆளில்லை. கீழே பார்த்தால் கோலம் இரண்டு பாதியாக இருந்தது. நடுவில் வழி. எனக்குக் கோபம்தான் வந்தது. விடுவிடுவென்று இறங்கிப் போனேன்.

"இன்னும் எதுக்குங்க அக்கா வழி உடறீங்க? யாரு போறாங்க இனி? நெறச்சுப் போடுங்க."

அக்கா மாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்தார். "கை பழகிப்போச்சு கண்ணு" என்றார்.

மறுநாள் காலை கோலம் வீதியை நிறைத்துக்கொண்டு இருந்தது. நடுவில் பூசணிப்பூகூட வைத்திருந்தார். நான் கேட்டுத்தான் போட்டார், தப்புச் சொல்ல முடியாது. அழகாகவும் இருந்தது. போய்க் காரில் ஏறி, அவருடைய இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். வெயில் ஏறும்வரை அழுதேன்.