சமரசத்துக்கு ஒத்துவராத கட்சிக்காரர்

வக்கீல் தொழிலில் எதிர்த்தரப்பு வக்கீலைக்கூடச் சமாளித்துவிடலாம். "பேசி முடிச்சுக்கலாமே" என்று சிரித்துக்கொண்டு வருகிறவரைச் சமாளிப்பதுதான் கஷ்டம். வாய்தா வாய்தாவாகக் கோர்ட்டுக்கு அலைந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதல் நாள்

கருப்பையா பாடாலூரில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். திருட்டுச் சந்தேகத்தில் போலீஸ் அவரைக் கடையிலிருந்து இழுத்துப்போய் அடித்ததில் இடது காது போய்விட்டது. திருடன் வேறொருவன் என்று பிறகு தெரிந்தது. பெரம்பலூர் மனித உரிமை நீதிமன்றத்தில் நான் மனு போட்டேன். உடனே, போலீஸைத் தாக்கினார் என்று அவர் மேலேயே ஒரு வழக்கு வந்தது.

விஷயத்தைச் சொன்னபோது அவர் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினார். "இந்தப் பக்கம் சொல்லுங்க வக்கீலம்மா. யாரு யாரை அடிச்சதா போட்டிருக்காங்க?"

சிறுவாச்சூர் பேச்சுவார்த்தை

நீங்கள் மனுவை வாபஸ் வாங்குங்கள், நாங்கள் வழக்கை விட்டுவிடுகிறோம் என்று போலீஸ் தரப்பிலிருந்து தூது வந்தது. சிறுவாச்சூர் கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் உட்கார்ந்து பேசினோம். கருப்பையா கேட்டது ஒன்றுதான்: கடை வாசலில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். அடித்த எஸ்.ஐ., இந்த மண்டபத்துக்குள் என்றால் கேட்கிறேன், ரோட்டில் முடியாது என்றார்.

கருப்பையா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "என்னைய இழுத்துட்டுப் போனது ரோட்டுலதாங்க."

மச்சான் வந்தார்

அடுத்து, கருப்பையாவின் மனைவி தனத்தின் அண்ணனை விக்கிரமங்கலத்திலிருந்து போலீஸார் அனுப்பிவைத்தார்கள். போலீஸைப் பகைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் கடை நடத்த முடியுமா என்று அவர் என் ஆபீஸிலேயே சத்தம் போட்டார். நியாயமான பயம்தான். கூட வந்திருந்த தனம்தான் பதில் சொன்னாள்.

"காதுதான போச்சு அண்ணே, வாய் இருக்குல்ல? கோர்ட்டுல பேசட்டும்."

கேட்காத சாட்சி

கருப்பையா மேல் போட்ட வழக்கில் சாட்சி சொல்ல வந்த காவலர் மேஜையைப் பார்த்து முணுமுணுத்தார். கூண்டில் நின்ற கருப்பையாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன் மேல் சொல்லும் குற்றமே காதில் விழாவிட்டால் அது என்ன விசாரணை என்று நான் ஆட்சேபித்தேன். அரசு வக்கீல், நேரம் ஆகிறது என்றார். நான் உட்காரவில்லை.

மாஜிஸ்திரேட், கருப்பையாவைச் சாட்சிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அந்த முகத்துக்கு நேரே உரக்கச் சொல்ல வேண்டி வந்ததும் காவலர் தடுமாறினார். இவர் கை ஓங்கியதை நேரில் பார்த்தீர்களா என்று குறுக்கு விசாரணையில் கேட்டேன்.

"பாக்கல மேடம். எஸ்.ஐ. சொன்னாருன்னு சொன்னேன்."

விடுதலை

கருப்பையாவை விடுதலை செய்துவிட்டார்கள். மனித உரிமை நீதிமன்றத்து மனு மட்டும் இன்னும் நடக்கிறது. இனியாவது நிம்மதியாக இருங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் அடிக்கலன்னுதான சொல்லியிருக்காங்க? என்னைய அடிச்சாங்கன்னு இன்னும் யாரும் சொல்லலையே. அடுத்த வாய்தா என்னைக்கு?"

சமரசத்துக்குத் தலையாட்டும் கட்சிக்காரர்கள் என் வேலையைக் குறைக்கிறார்கள். ஆட்டாத இவரோ, நான் எதற்காகக் கறுப்புக் கோட்டு மாட்டுகிறேன் என்று வாய்தாவுக்கு வாய்தா கேட்டுக்கொண்டிருக்கிறார்.