இறங்கி உருட்டிய இடம்

சீனன்குடா விமான நிலையத்தை நான் முதன்முதலாக முழுதாகப் பார்த்தது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். மீன்குழம்புச் சட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் தன் மடிக்கணினியை விரித்து வைத்தாள் ஆரணி. என் தங்கையின் மகள். கனடாவில் பிறந்து வளர்ந்தவள், இரண்டு கிழமை விடுமுறையில் வந்திருந்தாள். நகரம் கட்டுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறதாம். தெருப் போடலாம், தண்ணீர்க்குழாய் போடலாம், பஸ் விடலாம், வரிகூட அறவிடலாம். மற்றப் பிள்ளைகளெல்லாம் கற்பனை ஊர்களைக் கட்டிக்கொண்டிருக்க, இவள் தாய் பிறந்த ஊரைக் கட்டியிருந்தாள். துறைமுகம், உவர்மலை, உப்புவெளி, நாங்கள் இருக்கிற பாலையூற்று, அதற்கப்பால் சீனன்குடா வரை எல்லாம் மேசையில் கிடந்தன.

"மாமா, இதை இன்ரநெற்றில போடப்போறன். அங்க இருக்கிற எங்கட ஆக்கள் எல்லாரும் பாப்பினம். அதுக்கு முதல் நீங்கள் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. நீங்கள் சரி எண்டாச் சரி."

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கு இப்படி ஒரு வார்த்தை காதில் விழுந்தால் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கண்ணாடியைத் துடைத்தேன். கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டேன். அவள் எனக்கென்று கொண்டுவந்த நீல நிற ரீசேர்ட்டை மட்டும் அன்றும் நான் போடவில்லை. "கொஞ்சம் இறுக்கம் பிள்ளை" என்று சொல்லி அலுமாரிக்குள் வைத்திருந்தேன். அது இறுக்கமில்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

தொடக்கம் எனக்கு வாய்ப்பாகத்தான் இருந்தது. கண்டி வீதியோரத்தில் மரக்கட்டைகள் அடுக்கிக் கிடந்தன. ஓரிடத்தில் மூன்று, இன்னோரிடத்தில் நாலு, தள்ளிப்போனால் ஐந்து.

"இதென்ன பிள்ளை, விறகுக் கடையா?"

"இல்லை மாமா, மூண்டாம் கட்டை, நாலாம் கட்டை, அஞ்சாம் கட்டை. அம்மா சொன்னவ."

எனக்குச் சிரிப்பில் புரைக்கேறிவிட்டது. கட்டை என்றால் மைல் என்றும், அந்தக் காலத்தில் மைலுக்கொரு கல் நட்டிருந்தார்கள் என்றும் விளக்கினேன். அவள் கிலோமீற்றரில் அளந்து வைத்திருந்த கடைகளையும் சந்திகளையும் அப்படியே தூக்கித் தள்ளி நட்டாள். பத்து நிமிடத்தில் ஊர் நீண்டுவிட்டது. அடுத்ததாக, "மான் எங்கே?" என்று கேட்டேன். பஸ் நிலையத்தில் மான் படுத்திராத திருகோணமலை எப்படித் திருகோணமலையாகும்? சந்தையில் வாழைப்பழத்தோலுக்கு மாடும் மானும் போட்டிபோடுவதைச் சொன்னபோது அவள் வாயைப் பிளந்து கேட்டாள். எனக்கு ஒரே புளுகம், அவ்வளவு சந்தோஷம். குசினிக்குள் இருக்கிற மனைவிக்கும் கேட்கட்டுமென்று கொஞ்சம் உரத்தே கதைத்தேன்.

பிறகு அவள் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாள். மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் தெருவுக்கு இறங்கிவிட்டோம். சைக்கிள் பாரில் குந்தியிருந்தால் தெரு எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது. "இனி எயார்போட்டுக்குப் போவம்" என்றாள். கணினி சூடேறி, அதன் அடியிலிருந்து ஒரு வறுபட்ட வாசம் வந்தது. மா வறுக்கிற வாசம் போல இருந்தது. அவ்வளவுதான், நான் நினைவில் ஹமீது சேரிடம் போய்விட்டேன்.

என் முதல் நியமனம் வெள்ளைமணல் பள்ளிக்கூடத்துக்கு. ஹமீது சேரும் அங்கேதான் படிப்பித்தார். ஜமாலியாவிலிருந்து சைக்கிளில் வந்து எங்கள் படலையடியில் மணியடிப்பார், இரண்டு பேருமாகப் போவோம். சீனன்குடாவில் மா ஆலை இருக்கிறது. காற்று வாக்காக அடித்தால் தெரு முழுக்கக் கோதுமை மா மணக்கும். "பசியோட இந்த ரோட்டால வரப்படா சேர்" என்பார் அவர். வீட்டில் புட்டைக் கட்டிக்கொண்டு வருகிறவர் அவர், பசியோடு வருகிறவன் நான்.

மா வாசம் முடிகிற இடத்தில், விமான நிலைய வேலியோரமாக, படையினரின் சென்றி, அதாவது காவலரண், இருந்தது. சண்டைக்காலம். மண்மூட்டை அடுக்கி, தார்ப் பீப்பா வைத்து, தெருவை ஒடுக்கியிருப்பார்கள். அந்த இடத்துக்கு ஒரு முறை இருந்தது: சைக்கிளை விட்டு இறங்க வேண்டும், தொப்பியைக் கழற்ற வேண்டும், ஐசியைக் கையில் எடுக்க வேண்டும், சைக்கிளை உருட்டிக்கொண்டு கடக்க வேண்டும். ஐசி என்றால் அடையாள அட்டை. பக்கவாட்டில் பார்க்கக்கூடாது. அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஹமீது சேர், காவலுக்கு நிற்பவன் "பஹின்ன" என்று சொன்ன பிறகுதான் இறங்குவார். சிங்களத்தில் இறங்கு என்று அர்த்தம். எனக்கு அதை யாரும் சொன்னதில்லை. சொல்ல நான் விட்டதில்லை. மண்மூட்டை கண்ணில் படுமுன்னரே, வளைவிலேயே இறங்கிவிடுவேன்.

"சென்றி இன்னும் வரல்ல சேர், நீங்க இறங்கிட்டீங்க" என்று சிரிப்பார் அவர். நானும் சிரித்துக்கொண்டே உருட்டுவேன்.

"மாமா!" ஆரணி தோளில் தட்டினாள். "இந்த ஓடுபாதையின்ர முடிவில என்ன இருந்தது? படத்தில வடிவாத் தெரியேல்ல. நீங்கள் ஒவ்வொரு நாளும் உந்த ரோட்டாலதானே போனனீங்கள்?"

போனனான்தான். வருடக்கணக்காகப் போனனான். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் மரம் இருந்ததா, கட்டடம் இருந்ததா, கடல் தெரிந்ததா? எனக்குத் தெரியாது. அந்த இடத்தை நினைத்தால் எனக்குத் தெரிவது என் சைக்கிளின் முன் டயர் மட்டுமே. அதில் எங்கே தேய்ந்திருந்தது, எங்கே ஒட்டுப் போட்டிருந்தது என்று கேட்டால் இப்போதும் சொல்வேன். விமானம் இறங்குகிற சத்தம் கேட்டிருக்கிறேன், தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை.

"கொஞ்சம் முன்னுக்குப் போ பிள்ளை, பாத்துச் சொல்லுறன்" என்று சமாளித்தேன்.

அவள் போனாள். திரையில் வளைவு வந்தது. அச்சொட்டாக அதே வளைவு, பாவிப்பிள்ளை அப்படிக் கட்டியிருந்தாள். அடுத்து என்ன நடந்தது என்று எனக்கே விளங்கவில்லை. அவள் கத்தியபோதுதான் விழித்தேன்.

"மாமி, ஓடி வாங்கோ! மாமாவுக்கு நெஞ்சு நோகுது!"

என் வலக்கை இடப்பக்க நெஞ்சில் இருந்தது. கதிரையிலிருந்து பாதி எழும்பியிருந்தேன். மனைவி ஈரக்கையோடு வந்து என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடியும் என் கையைப் பார்த்தாள். விரல் இரண்டு சேர்ட் பொக்கற்றுக்குள் போயிருந்தன.

"ஒண்டுமில்லைப் பிள்ளை" என்றாள். "சென்றி வந்திட்டுது. ஐசி எடுக்கிறார்."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்துத் தப்பியிருப்பேன்.

வெட்கம் எனக்குக் காதிலிருந்துதான் தொடங்கும், சின்ன வயதிலிருந்தே அப்படி. இரண்டு காதும் கொதித்தன. அந்தக் காலத்தில் பயந்ததற்காக நான் வெட்கப்படவில்லை, பயப்படாதவர் யார்? அந்த சென்றியில் நின்ற பெடியன்கூடப் பயந்துதான் நின்றிருப்பான். இப்போது கந்தளாயில் எங்காவது வயல் செய்துகொண்டு, பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பான். அவன் வீட்டுக்குப் போய்விட்டான். நான்தான் இன்னும் போகவில்லை. என் சொந்தச் சாப்பாட்டு மேசையில், ஒரு விளையாட்டுச் சாமானுக்கு முன்னால் எழும்பி நின்று அட்டையை எடுக்கிறேன். அதுவும் ஊரின் ஒவ்வொரு கட்டையும் தெரியுமென்று அரைமணித்தியாலம் வீரம் பேசிவிட்டு.

ஆரணி என் சேர்ட் பொக்கற்றையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நான் தந்த ரீசேர்ட் இறுக்கமில்லை என்ன மாமா? அதில பொக்கற் இல்லை. அதுதானே?"

சட்டியை எடுத்துக்கொண்டு மனைவி உள்ளே போய்விட்டாள். நான் பொக்கற்றுக்குள்ளிருந்த விரல்களை வெளியே எடுத்தேன்.

"அந்த சென்றி எந்த இடத்தில நிண்டது? போட்டுவிடட்டா?"

"வேண்டாம்."

"அப்ப இது சரியில்லைத்தானே மாமா?"

"சரிதான் பிள்ளை. இப்ப அங்க ஒண்டுமில்லைத்தானே. சரிதான்."

விடுமுறை முடிந்து ஆரணி கனடாவுக்குப் போய்விட்டாள். ஊரை இன்ரநெற்றில் போட்டாளாம். பார்த்தவர்கள் பஸ் நிலையத்து மானைக் கண்டு புளுகப்பட்டார்களாம். ஓடுபாதையின் முடிவில் என்ன வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

போன கிழமை ஒரு காலை அந்த நீல ரீசேர்ட்டைப் போட்டுக்கொண்டேன். ஐசியை வேண்டுமென்றே அலுமாரிக்குள் விட்டுவிட்டு, சைக்கிளை எடுத்தேன். இன்றைக்கு ஓட்டிக்கொண்டே கடப்பது, நிமிர்ந்து பார்ப்பது, ஓடுபாதையின் முடிவில் என்ன இருக்கிறதென்று பார்த்து ஆரணிக்குச் சொல்வது. அவ்வளவுதான் திட்டம். மா வாசம் அப்படியே இருந்தது. ஹமீது சேர் மௌத்தாகி வருடங்களாகிவிட்டன, அவருடைய வசனத்தை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மண்மூட்டை இல்லை, பீப்பா இல்லை. தெரு அகலமாகிவிட்டது. சென்றி நின்ற இடத்தில் ஒரு பெண் குடை விரித்து இளநீர் விற்றுக்கொண்டிருந்தாள். அங்கே முன்பு என்ன இருந்ததென்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

நான் உருட்டிக்கொண்டு வருவதை அவள் பார்த்தாள். எந்த இடத்தில் இறங்கினேன் என்பது எனக்கே தெரியாது. வளைவிலாக இருக்கவேண்டும்.

"என்ன ஐயா, டயரில காத்துப் போயிட்டுதா?"

குனிந்து முன் டயரைப் பார்த்தேன். புது டயர், கல்லுப்போல இருந்தது.

"ஓம் தங்கச்சி, காத்துப் போயிட்டுது" என்று சொல்லி, அவள் கண்ணுக்கு மறையும்வரை உருட்டிக்கொண்டே போனேன்.