தேய்த்தால் உதிராத முடிச்சு

குஜிலியம்பாறையிலிருந்து திண்டுக்கல் திரும்பும் பேருந்தில் இருந்தபோது செய்தி வந்தது. ரோஸ்லின் அக்கா போய்விட்டார். என் மடியில், அவருடைய நுண்ணோக்கிக்காக எடுத்துவந்த வேர்கள் ஒரு பையில் இருந்தன. இனி இதை யாரிடம் கொடுப்பது என்று முதலில் கோபம்தான் வந்தது. அழுகை வீட்டுக்கு வந்த பிறகு வந்தது.

அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும்: மரங்களின் வேருக்குள் குடியேறும் நூற்புழுவை, கண்ணுக்குத் தெரியாத அந்தச் சனியனை, தோட்டம் தோட்டமாகத் துரத்தியவர். எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான் மண் பார்த்தேன். அவர் புழு பார்த்தார்.

ஒருமுறை கடலை விவசாயி ஒருவர், தான் நட்ட மலைவேம்புக் கன்றைப் பிடுங்கிப் பெருமையோடு காட்டினார். "பாருங்கம்மா, கடலைச் செடியாட்டம் எம்புட்டு முடிச்சு! மரம் சும்மா கெளம்பிரும்ல?"

அக்கா வேரைக் கழுவிக் கட்டைவிரலால் தேய்த்தார். "கடலை முடிச்சு தேய்ச்சா உதிரும்ணே. அது செடிக்குச் சத்து சேக்குற நல்ல முடிச்சு. இது உதிரலை, வேரே வீங்கிக் கெடக்கு. உள்ள புழு இருக்கு." விவசாயியின் முகம் வாடிவிட்டது. அக்கா விடவில்லை. "கன்னு எங்க வாங்குனீக?"

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போய், சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு நாற்றங்காலில் நின்றோம். மலையடிவாரத்தில் நடுவதற்காக லாரியில் கன்றுகள் ஏறிக்கொண்டிருந்தன. பைமண்ணோடு புழுவும் காட்டுக்குப் போகவிருந்தது.

"கண்ணுக்கே தெரியாத புழுவுக்கா வண்டிய நிப்பாட்டச் சொல்றீக?" என்று முதலாளி கத்தினார்.

"தெரியலைன்னுதாண்ணே நான் வந்திருக்கேன்" என்று சொல்லி, அக்கா லாரியின் முன்னால் போய் நின்றுகொண்டார். கன்றுகள் இறங்கும்வரை நகரவில்லை.

மேலிடம் சும்மா இருக்குமா? அந்தக் கன்றுகள் பற்றிய அறிக்கையில் 'சத்துக் குறைபாடு' என்று எழுதச் சொன்னார்கள். "பேர மாத்துனா புழு செத்துருமா?" என்று கேட்டுவிட்டு, 'நூற்புழு' என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்காக அவரைப் படுத்திய பாட்டை நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் போவதில்லை.

சென்ற வாரம் சின்னாளப்பட்டியில் அவருக்கு நினைவுக் கூட்டம். வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு மலைவேம்புக் கன்று, அவர் நினைவாக வீட்டில் நடுவதற்கு. நல்ல எண்ணம்தான். என் கை கேட்கவில்லை. ஒரு பையைக் கிழித்து, வாளித் தண்ணீரில் வேரைக் கழுவித் தேய்த்தேன். முடிச்சு உதிரவில்லை.

"துக்கத்துக்கு வந்த எடத்துல இதெல்லாம் பாக்கணுமாப்பா? பேசாம வாங்கிட்டுப் போ" என்றார் பெரியவர் ஒருவர்.

"அக்கா பேரச் சொல்லி ஊரெல்லாம் புழு வெதைக்க விடமாட்டேன்யா" என்றேன். வாசலை மறித்து நின்று, ஒவ்வொருவர் கையிலிருந்தும் கன்றைத் திரும்ப வாங்கி வைத்தேன். உங்களில் சிலருக்கு இன்னும் என்மேல் கோபம். இருக்கட்டும்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. கன்றுகளைக் கொண்டுவந்தவரை ஓரமாக அழைத்து அதைத்தான் கேட்டேன்.

"கன்னு எங்க வாங்குனீக?"