நெடுந்தீவில் திருத்திய துருவக் கணக்கு

1989 தை மாதம் நெடுந்தீவுக்குப் போனது ஊர் பார்க்க அல்ல, மலர்விழியைத் திரும்பக் கூட்டிவர. பல்கலைக்கழகத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தோம். துருவத்துக்கு மேலே, குளிர்காலத்தில் ஓசோன் எப்படிக் குறைகிறது என்பதை நாள் நாளாகக் கணக்கிடும் கணித மாதிரி அது. வசந்தத்தில் விழவேண்டிய ஓசோன் எங்கள் கணக்கில் நடுக்குளிரிலேயே விழுந்தது. ஒரு வருட உழைப்பு பிழையாகிவிட்டதென்று மலர் படிப்பை விட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

காலை 6.40க்கு யாழ்ப்பாணத்தில் பஸ். மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் இறங்குதுறை ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். வழியில் சோதனைச் சாவடியில் எண்கள் நிறைந்த என் கொப்பியை இருபது நிமிடம் புரட்டினார்கள். பிறகு படகில் ஒரு மணித்தியாலம். (காற்று மாதம், பசியோடு ஏறாதீர்கள்.)

"நான் வரேல்லை. நீ வேணுமெண்டால் கணக்கைத் திரும்பப் பார்," என்றாள் மலர். ஆனாலும் கதிரையை இழுத்துப் போட்டு என்னோடு இருந்தாள். கல்குலேட்டரில் மூன்று தரம் சரிபார்த்தோம். கூட்டல், பெருக்கலில் பிழையே இல்லை.

என்னை வழியனுப்ப இறங்குதுறைக்கு வந்தாள். மற்ற மாதங்களிலும் கடைசிப் படகு இரண்டரைக்குத்தானா என்று படகோட்டியைக் கேட்டேன்.

"ஓம் பிள்ளை. தை எண்டாலும் ஆடி எண்டாலும் உதுதான். இஞ்சை இருட்டுற நேரம் பெரிசா மாறாதே."

மலர் என் கையைப் பிடித்தாள். "எங்கடை கணக்கிலை ஒரு நாளுக்கு எவ்வளவு வெயில் குடுத்தனாங்கள்?"

"பன்னிரண்டு மணித்தியாலம்."

"துருவத்துக்குமோ?"

அங்கே குளிர்காலத்தில் சூரியனே எழாது. குளிர்சாதன வாயுக்களிலிருந்து வந்த குளோரின் உறைகுளிர் மேகங்களில் தயாராகி, வெயில் திரும்பும்வரை காத்திருக்கும். இருட்டில் ஓசோனை அழிக்க அதற்கு ஏலாது. எங்கள் ஊர்ப் பகலை யோசிக்காமல் துருவத்துக்கும் கொடுத்திருந்தோம்.

இரண்டரைப் படகு என்னை ஏற்றாமலே போனது. மறுநாள் மதியத்துக்குள் பகல்நீளத்தைத் திருத்தி மறுபடி கணக்கிட்டோம். குளிர்காலம் முழுக்க ஓசோன் அசையவில்லை, வசந்தத்தில் விழுந்தது. பிறகு மலர் தானாகவே குளோரினை வருடாவருடம் குறைத்துப் பார்த்தாள்.

"ஓசோன் மெல்லத்தான் ஏறுது," என்றாள். "ஆனா ஏறுது."

அடுத்த நாள் முதல் படகில் அவளும் பையோடு ஏறினாள்.

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் படகு நேரத்தை முதல்நாளே விசாரியுங்கள், குடிதண்ணீர் கொண்டுபோங்கள், முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். அன்றைக்கு இரண்டரைப் படகில் நான் ஏறியிருந்தால் தனியாகத்தான் திரும்பியிருப்பேன்.